கன்ன எலும்பு, மேல்தாடை முறிந்தால் வீட்டார் என்ன செய்யலாம்

பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் தம்பிக்கு, மடி வலையை இழுக்கும்போது, அதைச் சுற்றி இழுக்கும் விஞ்சு எந்திரத்தின் கம்பி அறுந்து முகத்தில் அடித்தது. முதலில் காட்டிய இடத்தில் வெறும் வீக்கம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நாங்களும் நம்பினோம். மூன்றாம் நாள், "அக்கா, பல்லு சேர மாட்டேங்குது" என்றான். அதன்பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம்.

ஆகவே அடிபட்டவரை முதலில் பல்லைக் கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலும் கீழும் முன்போலப் பொருந்தாவிட்டால், பார்ப்பது இரண்டாகத் தெரிந்தால், கன்னமும் மேலுதடும் மரத்துப்போனால், எலும்பு முறிந்திருக்கலாம். பார்வை மங்கினாலோ, மூக்கில் தெளிந்த நீர் சொட்டினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள். நடுக்கடலில் அடிபட்டால், நினைவு இருந்து கழுத்தில் வலியும் இல்லையென்றால், அவரை முன்னால் குனிந்து உட்கார வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் ரத்தம் தொண்டையில் இறங்கி மூச்சை அடைக்கும்.

சி.டி. ஸ்கேனில் தம்பிக்கு லெ ஃபோர்ட் முதல் வகை முறிவு என்று தெரிந்தது. 1901-ல் ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் வகுத்த மூன்று முறிவு வகைகளில் ஒன்று. பல்வரிசையோடு மேல்தாடை தனியே கழன்று ஆடும். உடனே அறுக்கவில்லை என்று நான் பதறினேன். வீக்கம் வடியத்தான் காத்திருந்தார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கும், திருப்பி வைப்பது கடினம்.

அறுவையில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் பொருத்திக் கம்பியால் கட்டுவார்கள். அந்தக் கடிதான் அளவு. அதை வைத்து எலும்பைப் பழைய இடத்துக்கு நகர்த்தி, டைட்டானியம் தகடு வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். தம்பிக்கு வெட்டு மேலுதட்டுக்கு உள்பக்கம் என்பதால் முகத்தில் தழும்பே இல்லை. தகட்டால் தொந்தரவு இல்லையென்றால் அது அப்படியே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் பல் கட்டியிருந்தால், கம்பி வெட்டும் கட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். வாந்தி வந்து மூச்சு முட்டினால் எந்தக் கம்பியை வெட்டுவது என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள். மூக்கைச் சிந்தவே கூடாது, காற்று கண்ணைச் சுற்றிப் புகுந்துவிடும். பீடி வேண்டாம், புண் ஆறாது. சங்கு குளிக்கிறவர்களும் பாசி எடுக்கிறவர்களும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை முங்கக் கூடாது.

சாப்பாடுதான் பெரிய பாடு. வெறும் கஞ்சியில் ஆள் இளைத்துவிடுவார். நான் விளமீனை முள் எடுத்து வேகவைத்து, நொய்க்கஞ்சியோடு மிக்சியில் அடித்து, வடிகட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாயை அலசச் சொல்லுங்கள். அப்புறம், கஞ்சியின் சூட்டை உங்கள் புறங்கையில் ஊற்றிப் பார்த்துக் கொடுங்கள். உதட்டு மரப்பு தெளிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை சுட்டாலும் அவருக்குத் தெரியாது.