மிதக்காத மாவை அடுப்பில் ஏற்றாதீர்கள்: தமால் செய்வோருக்குச் சில எச்சரிக்கைகள்

என் மனைவி பிறந்து வளர்ந்தது மெக்சிகோவின் புவெப்லா நகரில். மக்காச்சோள மாவில் கறி வைத்து, மடலில் மடித்து ஆவியில் வேகவைக்கும் தமால், அவர்கள் வீட்டில் ஒருவர் தனியாகச் சமைக்கும் பண்டம் அன்று. ஒருவர் மாவை அடிப்பார், ஒருவர் மடலில் பூசுவார், ஒருவர் கறியை வைத்து மடிப்பார். ஐந்து வயதில் என் மனைவிக்குக் கிடைத்த பொறுப்பு, ஊறிய மக்காச்சோள மடல்களைத் துணியால் துடைத்து அடுக்குவது. மருமகனாக அந்த வீட்டுக்குள் நுழைந்த எனக்கும் முப்பது வயதில் அதே வேலையைத்தான் கொடுத்தார்கள். அதற்கு மேல் தகுதி உயரப் பல வருடங்கள் ஆயின.

போன ஜனவரிக் கடைசியில் மனைவியின் அண்ணன் மகளும் அவள் தோழிகளும் தமால் செய்யக் கிளம்பினார்கள். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் செய்த தவறுகள் ஒன்று விடாமல் அப்படியே அரங்கேறின. உப்பு குறைவது, கையைச் சுட்டுக்கொள்வது எல்லாம் தானாகவே புரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாவை இரவெல்லாம் புளிக்க வைப்பது

இது எனக்கே உரிய தவறு. இட்லி தின்று வளர்ந்தவர்கள் எல்லாரும் செய்யக்கூடியது. ஆவியில் வேகும் பண்டம் என்றால் மாவு முதல் நாளே தயாராக இருக்க வேண்டும் என்று கை பழகிப்போயிருந்தது. மாசா என்பது சுண்ணாம்பு நீரில் மக்காச்சோளத்தை வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, கழுவி அரைத்த ஈர மாவு. அந்த ஊறல் சோளத்துக்குத்தான், அரைத்த மாவுக்கு இல்லை. மாசாவை வெளியே வைத்தால் புளித்து நாறும், உப்பாது. அரைத்த அன்றே பயன்படுத்துங்கள். மில்லில் வாங்கும்போது தமாலுக்கு என்று சொல்லி வாங்குங்கள். அது சற்றுக் கொரகொரப்பாக இருக்கும். ரொட்டிபோல் தட்டும் தோர்த்தியாவுக்கு அரைப்பது அதைவிட நைசானது.

மாவை அடிக்கச் சோம்பல்படுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

ஜனவரி 6 அன்று மூவரசர் திருநாளுக்கு ரோஸ்கா என்ற வளைய ரொட்டியை வெட்டுவார்கள். உள்ளே சின்னக் குழந்தைப் பொம்மை ஒளிந்திருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி 2, கண்டெலாரியா திருநாளன்று எல்லாருக்கும் தமால் போட வேண்டும். ஒரு வருடம் பொம்மை என் பல்லில் சிக்கியது. யாரும் உதவிக்கு வரக் கூடாது, நானே செய்கிறேன் என்று வீரம் பேசினேன். நாலு கிலோ மாசா, ஒன்றேகால் கிலோவுக்குமேல் பன்றிக்கொழுப்பு, மூன்று கிலோ கறி. குளிர்காலக் காலையில் கொழுப்பு கல்லாக இறுகியிருந்ததால் அடுப்பில் உருக்கி மாசாவில் ஊற்றிவிட்டேன். பத்து நிமிடம் பிசைந்ததும் தோள் வலித்தது. ‘பேக்கிங் பவுடர் பார்த்துக்கொள்ளும்’ என்று இன்னும் இரண்டு கரண்டி கொட்டி நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் வெந்தும் உள்ளே களிமண். பானை அடியில் கொழுப்பு குளமாக நின்றது. விருந்தினர்கள் தெருமுனைத் தள்ளுவண்டியில் தமால் வாங்கிச் சாப்பிட்டார்கள், என் முன்னாலேயே. மறுநாள் மாமியார் என் தமால்களை வில்லை வில்லையாக வெட்டித் தோசைக்கல் போன்ற கொமாலில் மொறுமொறுப்பாக வாட்டிக் கொடுத்தார். அது நன்றாகவே இருந்தது என்பதுதான் கூடுதல் அவமானம்.

காரணம் எளியது. கோதுமையில் பசைப்புரதம் காற்றைப் பிடித்துவைக்கும். இட்லி மாவில் புளிப்பு காற்றை உண்டாக்கும். மாசாவில் இரண்டும் இல்லை. கொழுப்பை அடிக்கும்போது அதற்குள் சிக்கும் காற்றுக் குமிழிகளே அங்கு பெரிய நம்பிக்கை. ஆவியின் சூட்டில் அவை விரிந்து மாவைத் தூக்கும். உருக்கிய கொழுப்பில் குமிழி நிற்காது. பேக்கிங் பவுடரோ, அந்தக் காலத்துத் தெகெஸ்கித்தே என்ற ஏரி உப்போ கொஞ்சம் கைகொடுக்கும். அடிக்காத மாவைக் காப்பாற்றாது.

ஆகவே முதலில் கொழுப்பை மட்டும், அது பால்வெள்ளையாகிப் பொங்கி வரும்வரை அடியுங்கள். கிலோ மாசாவுக்கு முந்நூறு கிராம் கொழுப்பு போதும். பிறகு மாசாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்து, கறி வேகவைத்த சாற்றை வெதுவெதுப்பாக, சூடாக அல்ல, ஊற்றி ஊற்றி அடிக்க வேண்டும். கையால் என்றால் மொத்தம் முக்கால் மணி நேரம் ஆகும். மாமியார் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். தொடக்கத்தில் சப் சப் என்று ஒட்டும் மாவு, போகப்போகப் பொத் பொத் என்று உள்ளீடற்ற ஒலி தரும். அந்தக் காது இல்லாதவர்கள் ஒரு தம்ளர் குளிர்ந்த நீரில் கோலிக்குண்டு அளவு மாவைப் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் மறுபடி அடியுங்கள். பாதி மூழ்கிப் பாதி மிதந்தாலும் மறுபடி அடியுங்கள்.

அண்ணன் மகளின் உருண்டை தம்ளரின் அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. ‘வெந்தால் சரியாகிவிடும்’ என்றாள். ஆகாது.

மடலின் எந்தப் பக்கம்?

வழவழப்பான பக்கத்தில் மாவு.

மிளகாயைக் கருகவிடுவது

சிவப்புத் தமாலுக்குக் குவாஹீயோ, ஆஞ்சோ மிளகாய்களை வறுக்கும்போது மணம் எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். கறுப்புத் திட்டு விழுந்தால் குழம்பு முழுக்கக் கசக்கும். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள். அந்த மிளகாயைத் தூக்கி எறியுங்கள்.

பானையில் தண்ணீர் வற்றுவது

பானையடித் தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டுவையுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். ஓரமாகக் கொதிநீர்தான் ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் அல்ல. இன்னொன்று: புவெப்லா கடல்மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடற்கரை ஊர்க்காரர் எழுதிய ‘ஒரு மணி நேரம்’ இந்த அடுக்களையில் செல்லாது. ஒன்றரை மணியாவது வேண்டும்.

மூடியைத் திறந்து திறந்து பார்ப்பது

கூடாது.

இறக்கியதும் பிரிப்பது

வெந்த தமால் மடலில் ஒட்டாமல் கழன்று வரும். ஆனால் கொதிக்கக் கொதிக்கப் பிரித்தால் வெந்த தமாலும் ஒட்டும். வேகவில்லை என்று பயந்து மறுபடி பானையில் வைப்பீர்கள். இறக்கிக் கால் மணி நேரம் விடுங்கள்.

அன்று நானும் அண்ணன் மகளும் மாவை அடிப்பது பற்றிக் குரல் உயர்த்திவிட்டோம். கடைசியில் தோழிகள் மூவரும் முறைபோட்டு அடித்தார்கள், உருண்டை மிதந்தது. அடுக்களையில் சண்டை நடந்தால் தமால் வேகாது என்பது இங்கே பழைய நம்பிக்கை. மாமியார் ஒன்றும் பேசாமல் மடலைக் கீற்றாகக் கிழித்துப் பானையின் இரண்டு கைப்பிடிகளிலும் முடிச்சுப் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “மீஹோ (மகனே), கோபப்பட்டவன்தான் பானைக்கு முன்னால் ஆட வேண்டும்” என்றார். கையில் கரண்டியோடு ஆடினேன். பெண்கள் நால்வரும் கைதட்டினார்கள். நாணயம் உள்ளே கடகடத்துக்கொண்டிருந்தது.