பெர்ணம் ஆற்றில் சிறு படகு: நீரோட்டத்தைக் கணிப்பதில் நேரும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊத்தான் மெலிந்தாங்கில், விடுமுறை நாள்களில் இறால் பிடிக்கப் பெர்ணம் ஆற்றில் படகு இறக்குவோர் பலர், கடல்நீர் ஏறி வற்றும் ஓதத்தின் அட்டவணையைப் பார்த்துவிட்டே கிளம்புகின்றனர். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அட்டவணை காட்டுவது நீர்மட்டத்தை. படகை இழுத்துச் செல்வதோ நீரோட்டம். இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே முதல் தவறு.

மலாக்கா நீரிணையில் ஓதம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்தை எட்டுகிறது. ஆற்றில் மேலே செல்லச் செல்ல அந்த நேரம் தள்ளிப் போகும். உச்சத்தைத் தொட்டவுடன் ஓட்டம் திரும்பிவிடும் என்பதும் இல்லை. உள்நாட்டில் மழை பெய்திருந்தால் வற்றும் ஓட்டம் வழக்கத்தைவிட வலுத்து, நெடுநேரம் நீடிக்கும். ஆகவே ஜெட்டி எனும் படகுத்துறையின் தூணைச் சுற்றி நீர் எப்பக்கம் சுழிக்கிறது, மிதந்துவரும் மட்டை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பவற்றைச் சற்று நேரம் நின்று பார்ப்பது நல்லது.

வற்றும் வேகமும் சீரானதன்று. 3 மீட்டர் வற்றும் நாளில், மாலுமிகளின் தோராயக் கணக்குப்படி, முதல் மணி நேரத்தில் 25 சென்டிமீட்டரே இறங்கும்; மூன்றாம், நான்காம் மணி நேரங்களில் 75 சென்டிமீட்டர் வீதம் இறங்கும். அந்த நடுப்பொழுதில்தான் ஓட்டம் மிகக் கடுமையாக இருக்கும். அமாவாசை, பௌர்ணமியன்று மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று நினைப்போர் உண்டு. உண்மையில் ஓதம் அவற்றுக்கு ஓரிரு நாள் கழித்தே உச்ச வலுவை அடைகிறது.

வற்றும் நீரோடு கழிமுகம் நோக்கிச் செல்வது சுகமாக இருப்பதால், திரும்பும் வழிக்கான பெட்ரோலைப் பலர் குறைத்தே கணக்கிடுகின்றனர். மணிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் படகு, 5 கிலோமீட்டர் ஓட்டத்தோடு போகும்போது 15 ஆகவும், எதிர்த்து வரும்போது 5 ஆகவும் நகரும். அதாவது திரும்புவதற்கு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். பிற்பகலில் கடற்காற்று அந்த ஓட்டத்தை எதிர்த்து வீசினால் கழிமுகத்தில் அலைகள் குறுகிச் செங்குத்தாக எழும். சிறு படகு அங்கு இருக்கக் கூடாது.

குறுக்கே கடக்கையில் எதிர்க்கரை ஜெட்டியை மட்டுமே குறிபார்த்து ஓட்டினால் படகு வளைந்து கீழ்நோக்கித் தள்ளப்படும். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு மரங்களைத் தேர்ந்து, அவை ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி முகப்பை நீர் வரும் பக்கம் சாய்த்துச் செலுத்த வேண்டும். ஜெட்டியையும் ஓட்டத்தை எதிர்த்தே அணுக வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, பின்புறத்திலிருந்து நங்கூரம் இடுவது. இயந்திரத்தின் கனத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அப்பகுதியைக் கயிறு மேலும் இழுக்க, நீர் உள்ளே புகுந்து படகு நிமிடங்களில் மூழ்கிவிடக்கூடும். நங்கூரத்தை முகப்பிலிருந்து மட்டுமே இட வேண்டும். கயிறு ஆழத்தைப்போல் குறைந்தது ஐந்து மடங்கு வேண்டும், அதுவும் நீர் ஏறிய பின் இருக்கப்போகும் ஆழத்துக்கு. இயந்திரம் நின்றுவிட்டால், நங்கூரத்தை இறக்கிய பிறகே அதை முடுக்கிப் பார்க்க வேண்டும். இல்லையேல், அணிவகுத்துக் கட்டியிருக்கும் மீன்பிடிப் படகுகளின் அடியில் ஓட்டம் சம்பான் எனும் சிறு படகைச் செருகிவிடும்.