பேபிளேட் வாங்கும் முன் லோஞ்சரைப் பாருங்கள்

தேயிலைத் தோட்டத்துத் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த வாரத்தில் ஹட்டன் டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, இந்த பேபிளேட்டை வாங்கிக் குடுக்கலாமா? காசு வீணாப் போயிடாதா?" கேட்பவர்கள் பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கு இப்போதுதான் எட்டு வயது ஆன இளம் தாய் தகப்பன்மார். எங்கள் தலைமுறை செய்து முடித்த தவறுகளை அவர்களும் அப்படியே செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பேபிளேட் என்பது லோஞ்சர் என்ற கைக் கருவியால் சுற்றவிட்டு, ஒன்றோடொன்று மோதவிடும் பம்பரம். என்னைக் கேட்டால், வாங்கலாம். கார்ட்டூன் படம் போட்டு விற்கும் சாமான்களில் முக்கால்வாசி சும்மா நிற்கும் பொம்மைகள். பிள்ளை இரண்டு நாள் கட்டிப்பிடித்துத் தூங்கும், அப்புறம் மறந்துவிடும். பேபிளேட் அப்படியில்லை. ஜப்பானில் டகாரா நிறுவனம் 1999இல் முதலில் பம்பரத்தைத்தான் விற்றது. தொலைக்காட்சிக் கார்ட்டூன் 2001இல்தான் வந்தது. அதனால் கார்ட்டூன் மோகம் போன பிறகும் அதை வைத்து விளையாட முடியும். ஆடி மாத மழையில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல சாமான் என் கடையில் அதிகம் இல்லை.

பில் வாங்குங்கள், விலை பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பெட்டி வாங்குவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. பெரிய பெட்டி, உள்ளே எட்டுப் பத்துப் பம்பரம் வரிசையாக மின்னும். ஓரத்தில் ஒரே ஒரு லோஞ்சர். தகப்பன் பம்பரங்களை எண்ணுகிறார், விலையை அதால் பிரிக்கிறார், "ஒண்ணு வாங்குறதுக்கு இது லாபம்" என்று காசைக் கொடுக்கிறார். 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தப் பெட்டியின் விலை அதைத் தாண்டும். ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்த காசு அது.

பம்பரத்தைச் சுற்ற வைப்பது லோஞ்சர்தான். கையால் திருகி விட்டால் பேபிளேட் தள்ளாடி உடனே சாய்ந்துவிடும். லோஞ்சர் போனால் பெட்டியில் இருக்கிற பத்தும் ஒன்றாகப் போகும். விலையைக் குறைக்க நினைப்பவன் முதலில் கைவைப்பதும் அதில்தான், ஏனென்றால் பெட்டிக்கு வெளியில் இருந்து பார்த்தால் நல்ல லோஞ்சரும் கெட்ட லோஞ்சரும் ஒரே மாதிரி இருக்கும்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தர் வேறு எங்கோ வாங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்தில் மகன் ஒன்றும் பேசாமல் ஒரு பம்பரத்தைக் கைக்குள் பொத்திப் பிடித்திருந்தான். வாங்கிய மறுநாளே நூல் வெளியே வந்து தொங்கியதாம். ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் சக்கரம், அதில் நூல். சக்கரத்தைத் திரும்பச் சுற்ற வைக்கும் தட்டை ஸ்பிரிங் கடதாசி மாதிரி மெல்லிசு. அதன் நுனியை மாட்டியிருந்த கொக்கி முறிந்திருந்தது. நைலோன் நூல் கட்டினேன், இழுக்க முடிந்தது, உள்ளே திரும்பிப் போகவில்லை. அந்தப் பெட்டிக்குத் தனி லோஞ்சர் எங்கும் கிடைக்காது. வாங்கிய கடையில் மாற்றித் தரவும் மறுத்துவிட்டார்களாம்.

ஆகவே கடையில் வைத்தே சோதியுங்கள். நூல் வகை என்றால் கடைசிவரை இழுத்து, மெதுவாக விடுங்கள். நூல் முழுவதும் உள்ளே போக வேண்டும். பாதியில் தயங்கினால் வேண்டாம். பல்லுப் பட்டியை உருவி இழுக்கும் வகை என்றால் பட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பற்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும், வளைந்த இடத்தில் வெள்ளைக் கோடு இருக்கக் கூடாது. பம்பரத்தைப் பிடிக்கும் கொக்கிகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பெட்டியைத் திறக்க விடாத கடையில் வாங்காதீர்கள். நான் பட்டி வகையைத்தான் சொல்வேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை, கெட்டுப் போக இடமும் குறைவு.

இன்னொன்று, இது இருவர் மோதும் ஆட்டம். ஒரு லோஞ்சரும் பத்துப் பம்பரமும் இருந்தால் அண்ணன் தம்பிக்குள் அடிதடிதான் நடக்கும். இரண்டு லோஞ்சரும் இரண்டு பம்பரமும் போதும். அதே காசைப் போடுங்கள், பம்பரத்தைக் குறைத்து லோஞ்சரைக் கூட்டுங்கள்.

வகை பார்க்காமல் வாங்குவது

2008இல் வந்த மெட்டல் வகையும் 2015இல் வந்த பர்ஸ்ட் வகையும் ஒன்றின் லோஞ்சரில் மற்றது மாட்டாது. சில பம்பரம் இடப்பக்கமாகச் சுழலும், அதற்கு அந்தப் பக்கம் சுற்றும் லோஞ்சர் வேண்டும். கூட்டாளி வீட்டில் என்ன வகை இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பர்ஸ்ட் வகை மோதலில் கழன்று தெறிப்பதற்காகவே செய்தது. கழன்றால் உடைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஆனால் கையில் திருகும்போது டிக் டிக் என்று இறுக்கமாகப் பூட்ட வேண்டும். வழுவழுவென்று திரும்பினால் உள்ளே பல் தேய்ந்தது.

சிமெந்துத் தரையில் விடுவது

நுனி பிளாஸ்டிக். சொரசொரத்த தரை அதை அரைத்துவிடும். சமதரையில் இரண்டு பம்பரமும் ஆளுக்கொரு மூலைக்குப் போகும், மோதலே நடக்காது. லயத்தில் சுவர் பொது என்பதால் பக்கத்து வீட்டில் தூங்கும் கைக்குழந்தைக்கும் அந்தச் சத்தம் கேட்கும்.

அதற்கென்று விற்கும் வட்டத் தட்டை வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பேபிளேட்டுக்கு முன்னோடி ஜப்பானின் பெய்கோமா என்ற சின்ன இரும்புப் பம்பரம். அதைப் பீப்பாய் வாயில் துணி கட்டி, அந்தத் துணியின் மேல் விடுவார்கள். துணி நடுவில் கொஞ்சம் தொய்வதால் பம்பரங்கள் தானாக நடுவுக்கு வந்து முட்டிக்கொள்ளும். வீட்டில் இருக்கும் அகல வாளி ஒன்றின் வாயில் தடித்த துணியை இழுத்துக் கட்டுங்கள், நடுவில் லேசாகத் தொய்யட்டும். நுனியும் தேயாது, சத்தமும் அடங்கும்.

சின்னவனுக்கும் சேர்த்து ஒன்று

வேண்டாம். வெளிநாடுகளில் பேபிளேட் விற்கும் ஹஸ்ப்ரோ நிறுவனம் பெட்டியிலேயே எட்டு வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. கழன்ற துண்டு வாய்க்குள் போகும்.

மிருகம் வரும் என்று சொல்லிக் கொடுப்பது

கார்ட்டூனில் பம்பரத்துக்குள்ளிருந்து மிருகம் எழும்பி வரும். நிஜத்தில் வராது. வாங்கும் முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

குனிந்து பார்ப்பது

முகத்தைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தெறிப்பது உலோகம், கண் போய்விடும்.

உடைந்ததை வீசுவது

பர்ஸ்ட் பம்பரத்தில் மேல் வளையம், நடுத்தட்டு, நுனி என்று மூன்று துண்டு. ஒன்று போனால் மற்ற இரண்டையும் எடுத்து வையுங்கள். மேல் லயத்துப் பையனிடம் நுனி தேய்ந்தது ஒன்று இருக்கும், உங்கள் வீட்டில் வளையம் வெடித்தது ஒன்று இருக்கும். ஒரே வகை என்றால் இரண்டையும் சேர்த்து நல்ல பம்பரம் ஒன்று பூட்டிவிடலாம். மாட்டத் தெரியாவிட்டால் கடைக்குக் கொண்டு வாருங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை.