பிட்ஜின் பாவிக்கும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

வன்னியில் இப்போது ஒரே வீட்டுக்குள் நாலு விதமான அரட்டைச் செயலி ஓடுகிறது. கனடாவில் இருக்கும் அண்ணனோடு ஒன்று, சுவிஸ் மாமி குடும்பத்தோடு இன்னொன்று, பிள்ளைகளின் ரியூசன் குழுவுக்கு வேறொன்று, வேலைத்தளத்துக்கு மற்றொன்று. போனில் இதையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சின்ன அலுவலகத்தில் பழைய கணினிக்கு முன்னால் நாள் முழுக்க இருப்பவர்களுக்குத்தான் கரைச்சல். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று அவர்கள் பிட்ஜினைத் தேடிப் போகிறார்கள். நல்ல மென்பொருள். காசு கேட்காது, மூலநிரல் திறந்தே கிடக்கிறது, பழைய கணினியிலும் திணறாமல் ஓடும். 1998இல் மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க மாணவர் கெய்ம் என்ற பெயரில் தொடங்கியது, 2007இல் பிட்ஜின் ஆனது.

அதைப் போட்டுவிட்டுக் கஷ்டப்படுகிறவர்களில் அனேகம் பேருக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. பிட்ஜின் ஒரு சேவை இல்லை. அதற்கென்று தனிக் கணக்கும் கிடையாது, தனி சேர்வரும் கிடையாது. நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கணக்குகளுக்குள் உங்கள் சார்பில் நுழைகிற ஒரு நிரல், அவ்வளவுதான். எந்தச் சேவைக்குள் எப்படி நுழைவது என்று அதற்குச் சொல்லிக் கொடுப்பவை பிளகின்கள். உங்கள் கடவுச்சொல்லும் நீங்கள் கதைக்கிற கதையும் அந்தப் பிளகின்களின் கையால்தான் போய்வருகின்றன.

சரி, முதலில் பழைய வழிகாட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் தேடினால் வரும் குறிப்புகளில் பல, பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் எழுதியவை. யாகூ கணக்கைச் சேருங்கள், எம்எஸ்என் கணக்கைச் சேருங்கள் என்று படத்தோடு விளக்கும். வவுனியா நெற் கபேக்களில் யாகூவில் கதைத்துப் பழகிய தலைமுறை அதை நம்பிப் பழைய கணக்கைத் தேடி எடுத்து, கடவுச்சொல்லை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறது. பிழை கடவுச்சொல்லில் இல்லை. எம்எஸ்என், பிறகு விண்டோஸ் லைவ் மெசஞ்சர் என்று பெயர் மாறி, 2013இலேயே போய்விட்டது. ஏஓஎல் மெசஞ்சர் 2017 டிசெம்பரிலும், யாகூ மெசஞ்சர் 2018 யூலையிலும், ஐசிகியூ 2024 யூனிலும் மூடப்பட்டன. ஸ்கைப் 2025 மே 5ஆம் திகதியோடு முடிந்தது. கூகுள் டோக்குக்குள் வெளி மென்பொருள்கள் நுழையும் வழி 2022இல் அடைபட்டது. இன்று பிட்ஜினோடு கூடவே வந்து ஒழுங்காக வேலை செய்பவை எக்ஸ்எம்பிபி, ஐஆர்சி போன்ற திறந்த நெறிமுறைகள், அதாவது எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத, யாரும் பாவிக்கக்கூடிய அரட்டை வழிகள். டிஸ்கோர்ட் மாதிரியானவற்றுக்குப் பிளகின் தேவை. விண்டோஸில் குரல், காணொளி அழைப்பு எடுக்க முடியாது. அண்ணனின் முகத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் போனே போதும்.

தரவிறக்கும்போது பிட்ஜினின் சொந்தத் தளத்தில் விண்டோஸுக்கு இரண்டு விதமான நிறுவிகள் இருப்பதைக் கவனியுங்கள். சிறியது, நிறுவும்போதே நடுவில் இணையத்துக்குப் போய் ஜிடிகே என்ற பகுதியை இறக்கும். முல்லைத்தீவுக் கரையோரம், ஒட்டுசுட்டான் பக்கம் என்று சிக்னல் வந்து வந்து போகும் இடங்களில் அது பாதியில் நின்றுவிடும், அப்புறம் நிரல் திறக்கவே திறக்காது. ஓஃப்லைன் நிறுவி என்று இருப்பதை எடுங்கள். எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அலுவலகத்தில் ஐந்து கணினி இருந்தாலும் ஒருமுறை இறக்கினால் போதும், டேட்டாவும் மிச்சம். ஆனால் அந்தக் கோப்பை நீங்களே இறக்கியிருக்க வேண்டும். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் கிடந்த நிறுவியை நம்பாதீர்கள்.

பிளகின்தான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். ஒரு பிளகினைப் போடுவது என்றால், உங்கள் கணினியில் நீங்கள் செய்யக்கூடிய எதையும் செய்ய இன்னொருவருக்கு அனுமதி கொடுப்பது. பிட்ஜினுக்குள் பிளகினைத் தனியாக அடைத்து வைக்கும் வேலி எதுவும் இல்லை. இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2024 யூலை 6ஆம் திகதி, ஸ்கிரீன் ஷேர் ஓடிஆர் என்ற பிளகின் ஒன்று பிட்ஜின் தளத்தின் மூன்றாம் தரப்புப் பிளகின் பட்டியலிலேயே இடம்பிடித்தது. திரையைப் பாதுகாப்பாகப் பகிரலாம் என்று சொல்லிக்கொண்டது. உள்ளே இருந்ததோ நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் பதிவுசெய்து, திரையைப் படம் பிடித்து வெளியே அனுப்பும் நிரல். ஓகஸ்ட் 16ஆம் திகதி ஒருவர் முறைப்பாடு செய்த பிறகுதான் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதன் நிறுவிக்கு முறையான டிஜிட்டல் கையொப்பம்கூட இருந்தது. இல்லாதது மூலநிரல் மட்டும்தான். வெறும் நிறுவியை மட்டும் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான், திறமூல உரிமம் உள்ள பிளகின்களை மட்டுமே பட்டியலில் சேர்ப்போம் என்று பிட்ஜின்காரர் முடிவெடுத்தார்கள்.

ஆகவே மூலநிரல் வெளியே இல்லாத பிளகினைத் தொடாதீர்கள், அது எவ்வளவு வசதியைத் தந்தாலும். லினக்ஸ் பாவிப்பவர்கள் உபுண்டு, டெபியனின் சொந்தக் களஞ்சியத்தில் இருப்பதையே எடுக்கலாம். டிஸ்கோர்டுக்கான பிளகினும், செய்தியைப் பூட்டி அனுப்பும் ஓடிஆர் பிளகினும் அங்கேயே கிடைக்கும்.

நல்ல பிளகினைக் கண்டுபிடித்த பிறகும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. விண்டோஸில், இறக்கிய பிளகின் கோப்பை (அதன் பெயர் டிஎல்எல் என்று முடியும்) பிட்ஜின் ஃபோல்டருக்குள் இருக்கும் பிளகின்ஸ் என்ற ஃபோல்டரில் போட வேண்டும். ஆனால் சில பிளகின்களுக்குத் துணையாக ஜேசன் ஜிலிப் என்ற இன்னொரு டிஎல்எல் தேவை. அதைப் பிளகின்ஸ் ஃபோல்டருக்குள் போடக்கூடாது, அதற்கு ஒரு படி வெளியே, பிட்ஜின் நிரல் இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லையே என்று கைவிட்டவர்கள் அனேகம். விண்டோஸ் பிட்ஜின் 32 பிட் நிரல். உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றாலும் பிளகின் 32 பிட்டாகத்தான் இருக்க வேண்டும். அப்புறம், பிட்ஜினை முழுதாக மூடித் திறக்க வேண்டும். சாளரத்தின் பெருக்கல் குறியை அழுத்தினால் அது மூடாமல் மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளக்கூடும். அந்தச் சின்னத்தில் வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். புதிய சேவைக்கான பிளகினை டூல்ஸ் பட்டியலின் பிளகின்ஸ் பகுதியில் தேடவும் வேண்டாம், அங்கே அது வராது. புதுக் கணக்குச் சேர்க்கும் இடத்தில், நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அதன் பெயர் வந்திருக்கும்.

அடுத்தது கடவுச்சொல். கணக்கைச் சேர்க்கும்போது 'கடவுச்சொல்லை நினைவில் வை' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் சரி போட்டால் என்ன நடக்கிறது என்று ஒருமுறை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். விண்டோஸில் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் டொட் பர்ப்பிள் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், லினக்ஸில் உங்கள் ஹோமுக்குள் மறைந்திருக்கும். அதற்குள் அக்கவுண்ட்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்தால், கணக்கின் பெயர் ஒரு வரியில், கடவுச்சொல் அடுத்த சில வரிகளுக்குள், மூடிமறைப்பு எதுவும் இல்லாமல் அப்படியே எழுதியிருக்கும். இது கவனக்குறைவால் வந்ததல்ல. திறப்பையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பூட்டினால் அது பாதுகாப்பு என்ற பொய் எண்ணத்தைத்தான் தரும் என்பது அதை எழுதியவர்களின் கருத்து. எனக்கும் அது நேர்மையாகவே படுகிறது. ஆனால் ஒரு கணினியில் நாலு பேர் மாறி மாறி இருக்கும் நம்முடைய அலுவலகங்களுக்கும் கொமினிகேசன் கடைகளுக்கும் அதன் பொருள் ஒன்றுதான். பொதுக் கணினியில் அந்தப் பெட்டியில் சரி போடவே கூடாது.

கதைத்தவையும் அதே டொட் பர்ப்பிளுக்குள்தான் சேரும். லொக்ஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆள் வாரியாக, நாள் வாரியாக, யாரும் திறந்து வாசிக்கக்கூடிய கோப்புகள். பிட்ஜினை அன்இன்ஸ்டோல் செய்தாலும் அந்த ஃபோல்டர் போகாது. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போதும், விற்கும்போதும், பிள்ளையின் படிப்புக்கென்று சொந்தக்காரருக்குக் கொடுக்கும்போதும் அது கூடவே போகும். தன் வீட்டுக் கதை அடுத்தவர் கையில் போனால் என்ன நடக்கும் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. கொடுப்பதற்கு முன் டொட் பர்ப்பிளை எடுத்துவிடுங்கள். தேவையில்லை என்றால் முன்னுரிமைகளுக்குள் போய் பதிவையே நிறுத்திவிடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் இன்னொன்று, திகதிப் பிழை. பழைய கணினியின் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டரி செத்திருக்கும். கரண்ட் இருக்கும்வரை தெரியாது. கரண்ட் போய் வந்ததும் கணினியின் மணிக்கூடு பல வருடம் பின்னால் போய் நிற்கும். 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களில் எத்தனையோ கணினிகள் இப்படித்தான் குழம்பின. மணிக்கூடு பிழை என்றால் சேர்வர் தான் யார் என்று காட்டும் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவே இல்லை என்று பிட்ஜின் நினைக்கும், ஏற்றுக்கொள்ளவா என்று கேட்கும். அவசரத்தில் ஏற்றுக்கொள் என்று அழுத்திவிடுகிறோம். அதைப் பழக்கமாக்கினால், உண்மையாகவே ஒருவர் நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்கும் நாளிலும் கை தானாக அதையே அழுத்தும். எச்சரிக்கை வந்தால் முதலில் திகதியைப் பாருங்கள். பட்டரியை மாற்றுங்கள், பெரிய காசு இல்லை.

எக்ஸ்எம்பிபி கணக்கில் பெயரும் (@ குறிக்கு முன்னால் வருவது) டொமைனும் (அதற்குப் பின்னால் வருவது) தனித்தனிப் பெட்டிகள். முழு முகவரியையும் பெயர்ப் பெட்டிக்குள் அடித்தால் வேலை செய்யாது. மறைகுறியாக்கம் (வழியில் யாரும் வாசிக்காதபடி பூட்டி அனுப்புவது) கட்டாயம் என்ற தெரிவை அப்படியே விட்டுவிடுங்கள்.

தனியாகப் பேச ஓடிஆர் பிளகினைப் போடுகிறவர்கள் பாதிவழியில் நின்றுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் அது இருக்க வேண்டும், இரண்டு பேரும் அந்த நேரம் இணைப்பில் இருக்க வேண்டும், குழு அரட்டைக்கு அது உதவாது. 'சரிபார்க்கப்படவில்லை' என்று காட்டினால், செய்தி பூட்டப்பட்டுத்தான் போகிறது, ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் அண்ணன்தானா என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை போன் எடுத்து, குரல் கேட்டு, கைரேகை எனப்படும் அந்த எழுத்துத் தொடரை இரண்டு பேரும் வாசித்து ஒப்பிடுங்கள். அப்புறம் ஓடிஆர் அமைப்புக்குள் போய், இந்த உரையாடல்களைப் பதிவு செய்யாதே என்ற தெரிவையும் பாருங்கள். வழியில் பூட்டி அனுப்பிவிட்டு வீட்டில் திறந்து வைத்தால் என்ன பயன்?

தமிழில் எழுதும்போது பாமினியை அப்படியே வெட்டி ஒட்டாதீர்கள். நம் அலுவலகங்களில் இன்னும் பாதிக் கடிதம் பாமினி எழுத்துருவில்தான் இருக்கிறது. அதை அரட்டையில் ஒட்டினால் மற்றப் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைப்பலகையிலேயே யூனிகோட் அடிக்கலாம், கைப்பழக்கத்தை மாற்றத் தேவையில்லை.

வட்ஸ்அப்பைப் பிளகின் வழியாகப் பிட்ஜினுக்குள் கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தன் அனுமதி இல்லாத செயலிகளை வட்ஸ்அப் ஏற்பதில்லை, கணக்கை முடக்கவும் கூடும். வெளிநாட்டுச் சொந்தங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரே நம்பர் அதுதான் என்றால், ஒரு வசதிக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு தப்பெண்ணம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்களைத் தடுத்தார்கள். பிட்ஜின் இருந்தால் அப்படியான நேரத்தில் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் பாவிக்கலாம் என்று சிலர் நம்புகிறார்கள். முடியாது. பிளகின் போய்த் தட்டுவதும் அதே சேர்வரின் கதவைத்தான். பிட்ஜினின் உண்மையான பலம் வேறு சேவையில் இருக்கும் இன்னொரு கணக்கையும் பக்கத்திலேயே வைத்திருக்க முடிவது. வெளிநாட்டில் இருப்பவரோடு பேசி, இரண்டு பேரும் ஆளுக்கொரு எக்ஸ்எம்பிபி கணக்கை இந்தக் கிழமையே திறந்து, ஒருவரையொருவர் பட்டியலில் சேர்த்து, நாலு வரி கதைத்துப் பாருங்கள். போனுக்கும் எக்ஸ்எம்பிபி செயலிகள் உண்டு, அவர் கணினிக்கு முன்னால் இருக்க வேண்டியதில்லை.