முதியோர் பராமரிப்புக்கு எத்தனை செவிலியர் தேவை? ஊராட்சி ஒன்றிய அளவில் கணக்கிடும் முறை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் 60 வயதை எட்டியிருந்தார். எனவே செவிலியர் தேவைக்கான திட்டத்தைக் காலிப் பணியிடப் பட்டியலிலிருந்து தொடங்காமல், வீடுகளில் உள்ள தேவையிலிருந்து தொடங்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்வதால், படுத்த படுக்கையாக இருப்போரையும் தனியே வாழ்வோரையும் அவர்கள் வழியாகவே கணக்கெடுக்கலாம்.

அடுத்து அந்த எண்ணிக்கையை வேலை நேரமாக மாற்றுங்கள். ஓர் ஒன்றியத்தில் படுக்கையில் இருப்போர் 150 பேர், ஒவ்வொருவரையும் செவிலியர் மாதம் இருமுறை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 300 வருகைகள் ஆகின்றன. படுக்கைப்புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, சிறுநீர்க் குழாயை மாற்றி, நோயாளியை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் ஒருவர் நாளொன்றுக்கு ஆறு வீடுகள் பார்த்தாலே பெரிது. 22 வேலை நாட்களில் அது 132 வருகைகள்தான். ஆக, மூன்று செவிலியர் வேண்டும். மலைப்பகுதி என்றால் பயண நேரத்தையும், எங்கும் விடுப்பு நாட்களையும் கழித்தே கணக்கிடுங்கள். அவற்றை மறந்த திட்டம் இருக்கும் செவிலியர்களைத்தான் வதைக்கும்.

செவிலியர் பட்டயப் படிப்புக்கே மூன்று ஆண்டுகள் ஆவதால், ஓய்வுபெறவிருப்போரின் பட்டியலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்னதாகவே தயாரித்துவிடுங்கள்.