பிஞ்சிலேயே பறியுங்கள்: யூ-பிக் பண்ணையில் சம்மர் ஸ்குவாஷ்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒன்டாரியோ பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை, நாமே பறித்துக்கொள்ளும் யூ-பிக் பண்ணைகளில் சம்மர் ஸ்குவாஷ் கொட்டிக் கிடக்கும். ஸ்ட்ராபெரிக்கும் ஆப்பிளுக்கும் திரளும் கூட்டம் இதற்கு வராது. ஆனால் ஸ்ட்ராபெரியைப் போல நிறத்தைப் பார்த்துப் பறிக்கிற சமாச்சாரம் இல்லை இது. புதிதாகப் போகிறவர்கள் பெரிய காயாகத் தேடித் தேடிப் பறிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நறுக்கும்போது உள்ளே பஞ்சும் விதையும்தான் இருக்கும்.

சம்மர் ஸ்குவாஷ் என்பது முற்றுவதற்கு முன் பறிக்கிற பூசணிப் பிஞ்சு. ஹாலோவீனுக்குச் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணியும், சம்மர் ஸ்குவாஷில் ஒரு வகையான சுக்கினியும் ஒரே இனம்தான். பூ விரிந்து நாலு முதல் எட்டு நாளுக்குள் பறித்தால் தோல், விதை, சதை எல்லாவற்றையும் அப்படியே சமைக்கலாம். நல்ல வெயில் அடிக்கிற வாரத்தில் காய் ஒரு நாளைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும். புதன்கிழமை பறிக்க வேண்டியதை விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அது கதாயுதம்.

கிளம்பும் முன்

பண்ணைக்கு முதலில் போன் செய்யுங்கள். "ஸ்குவாஷ் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த வயலில் கடைசியாக எப்போது பறித்தார்கள் என்றும் கேளுங்கள். முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ பறித்த வயலில்தான் பிஞ்சு கிடைக்கும். ஒரு வாரமாக ஆள் இறங்காத வயலில் காய் நிறையத் தெரியும், சமைக்கத் தோதானது குறைவாகத்தான் இருக்கும். நியூ ஜெர்சிக்காரர்களுக்கு, மாநில வேளாண் துறையின் ஜெர்சி ஃபிரெஷ் இணையதளத்தில் எந்தப் பண்ணையில் எதைப் பறிக்க விடுகிறார்கள் என்று தேடிப் பார்க்க வசதி இருக்கிறது.

விலை எப்படி என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பவுண்டுக்கு இவ்வளவு என்பது ஒரு முறை, வாளிக்கு அல்லது பெட்டிக்கு இவ்வளவு என்பது இன்னொரு முறை. வாளிக்கணக்கில்தான் ஆள் ஏமாறுவது. கொடுத்த காசுக்கு வாளியை நிரப்ப வேண்டும் என்ற நினைப்பில் கை தானாகப் பெரிய காய்க்குப் போகும். அரை புஷல் பெட்டி ஏறக்குறைய 20 பவுண்டு, அதாவது 9 கிலோ பிடிக்கும். 200 கிராம் எடையுள்ள நல்ல பிஞ்சாகப் பார்த்தால் 45 காய் வரும். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் பத்துக் காயே தாராளம். சொந்தப் பாத்திரம் கொண்டுபோகலாமா என்று கேளுங்கள். எடைக்கு விற்கும் இடத்தில் வயலுக்குள் போகும் முன்பே காலிப் பாத்திரத்தை நிறுத்து எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முழுக்கைச் சட்டை, முழுக்கால் பேன்ட், பாதம் மூடிய செருப்பு கட்டாயம். இலையிலும் இலைத்தண்டிலும் சுணை இருக்கும். வெண்டைக்காய்ச் செடியின் சுணையை விட இது முரடு. அரைக்கைச் சட்டையோடு இறங்கினால் முழங்கை வரை கீறலும் அரிப்பும்தான் மிச்சம். மெல்லிய தோட்டக் கையுறை ஒரு ஜோடி, சின்னக் கத்தி அல்லது செடி வெட்டும் கத்தரி, அடியில் விரிக்கப் பழைய துண்டு, குடிதண்ணீர், இவ்வளவு போதும். சில பண்ணைகள் கத்தியை அனுமதிக்காமல் அவர்களே கத்தரி தருவார்கள். வயலோரப் புல்லில் உண்ணி இருக்கும் ஊர்கள் இவை. பேன்ட் முனையை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளின் முழங்கால் மடிப்பையும் காதுக்குப் பின்னாலும் பாருங்கள்.

நேரம் காலை. ஆனால் விடிந்ததும் ஓட வேண்டாம். இலை ஈரமாக இருக்கும்போது வரிசைக்குள் நடந்தால் ஒரு செடியின் நோய் உங்கள் கையோடும் பேன்ட்டோடும் அடுத்த செடிக்குப் போகும். அதனால் பனி உலரும் வரை பல பண்ணைகளில் உள்ளே விடமாட்டார்கள். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தால் வயலையே மூடியும் விடுவார்கள்.

செடியில் தேடுவது

இது கொடியாகப் படராது, புதராக நிற்கும். பெரிய இலைகள் குடை பிடித்த மாதிரி மேலே இருக்க, காய்கள் நடுத்தண்டை ஒட்டி அடியில் ஒளிந்திருக்கும். நின்றபடி பார்த்தால் இரண்டு தெரிகிற செடியில் குனிந்து பார்த்தால் நாலைந்து இருக்கும். நடைபாதையில் நின்றுகொண்டு, இலைத்தண்டை முன்கையால் மெதுவாக ஒதுக்கிப் பாருங்கள். செடியைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். தண்டு உள்ளே பொந்து, மிதித்தால் சடக்கென்று முறிந்துவிடும்.

சில சுக்கினி ரகங்களின் இலையில் நரம்போரமாக வெள்ளித் திட்டுகள் இருக்கும். அது ரகத்தின் இயல்பு, நோய் அல்ல. விரலால் தடவினால் மாவு போல ஒட்டிக்கொண்டால் சாம்பல் நோய். அந்தச் செடியின் காயையும் சாப்பிடலாம், ஆனால் செடி சோர்ந்திருப்பதால் ருசி சுமார்தான்.

அளவு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சுக்கினி 6 முதல் 8 அங்குலம். மஞ்சள் ஸ்குவாஷ், நேராக இருந்தாலும் கழுத்து வளைந்திருந்தாலும், 4 முதல் 7 அங்குலம். விளிம்பில் மடிப்பு மடிப்பாக, பம்பரத்தைத் தட்டையாக்கின மாதிரி இருக்கும் பேட்டிபேன் 3 முதல் 4 அங்குல விட்டம். வெளிர்பச்சையில் குட்டையாக வரும் லெபனீஸ் ரகம் 4, 5 அங்குலத்திலேயே நன்று. அளவு நாடா எல்லாம் வேண்டாம், கையை வைத்துப் பார்த்தாலே போதும். சுரைக்காய் வாங்கும்போது பார்ப்போமே, அதே நகச் சோதனை இங்கும் செல்லும். ஆனால் பறித்த காயில் மட்டும் செய்யுங்கள். செடியில் இருக்கும் காயில் நகம் பட்ட இடம் வழியாக அழுகல் இறங்கும். தோல் பளபளவென்று இருந்தால் பிஞ்சு. பளபளப்புப் போய் மங்கியிருந்தால் முற்றத் தொடங்கிவிட்டது.

வெட்டுவது

ஒரு கையால் காயைக் காம்புப் பக்கமாகத் தாங்கிப் பிடித்து, காயிலிருந்து ஓர் அங்குலம் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பே இல்லாமல் ஒட்ட வெட்டினாலோ கத்தி காயின் தோளில் பட்டாலோ, இரண்டு நாளில் அந்த இடத்திலிருந்துதான் கெடும். முறுக்கிப் பிடுங்குவது வேகமாகத் தெரியும். ஆனால் வளைந்த கழுத்து மஞ்சள் ரகத்தில் கழுத்தே கையோடு ஒடிந்து வரும், பேட்டிபேனின் தடித்த காம்பு செடியின் தோலைக் கிழித்துக்கொண்டு வரும்.

வெட்டின இடத்தில் தெளிவான சாறு கசியும். கையில் காய்ந்தால் பிசின் மாதிரி பிடித்துத் தோலை இழுக்கும். கையுறை போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காயின் தோல் மெல்லியது, இன்னொரு காயின் வெட்டுக்காம்பு உரசினாலே கோடு விழும். வாளியில் எறியாமல், காம்புகள் ஒரே பக்கம் பார்க்க அடுக்குங்கள். ஆழமான வாளியை விட ஆழம் குறைந்த பெட்டி நல்லது. நுனியில் வாடிய பூ ஒட்டியிருந்தால் அங்கேயே கிள்ளி எடுத்துவிடுங்கள். பூவின் ஈரம் நுனியை அழுகவைக்கும்.

கதாயுத அளவுக் காய்களை என்ன செய்வது? செடியில் விட்டால் விதை முற்றும் வேலையில் செடி இறங்கி, புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அவற்றை வெட்டிப் பாத்தியில் போடச் சொல்லும் பண்ணைக்காரர்கள் உண்டு. வெட்டினால் காசு கேட்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

விட வேண்டியவையும் சில. நுனி மட்டும் சூம்பி, காய் ஒரு பக்கம் பருத்திருந்தால் மகரந்தம் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். மழையும் மூட்டமுமாக இருந்து தேனீ வராத நாட்களுக்குப் பின் இப்படி நிறைய வரும். கெட்டியாக இருந்தால் நுனியை நறுக்கிவிட்டுச் சமைக்கலாம். ஆனால் நுனி கொழகொழவென்று ஆகி, அதன் மேல் குண்டூசி குத்தி வைத்த மாதிரி கரும்புள்ளித் தலையுள்ள பூஞ்சை நின்றால் தொடவே வேண்டாம், பெட்டியில் பக்கத்துக் காயையும் கெடுக்கும். மஞ்சள் காயில் பச்சைத் திட்டும் கரணையுமாக இருந்தால் அது வைரஸ் வேலை. மனிதருக்கு ஒன்றும் ஆகாது, ஆனாலும் பக்கத்தில் நல்ல காய் இருக்கும்போது அது எதற்கு?

பூ வேண்டுமானால்

பூசணிப்பூ பஜ்ஜி பிடித்தவர்கள் தனியாக அனுமதி கேளுங்கள். மருந்து அடித்த வயலா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். ஆண்பூவை மட்டும் பறிக்க வேண்டும். மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ, பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருப்பது பெண்பூ. எல்லா ஆண்பூவையும் எடுத்துவிட்டால் காய் பிடிக்காது. பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். மூடிய பூவை அப்படியே பையில் போடாதீர்கள். பூசணிப் பூக்களையே நம்பி வாழும் ஸ்குவாஷ் தேனீ என்ற இனத்தின் ஆண் தேனீக்கள் அதற்குள் தூங்கும். இதழை விரித்துத் தட்டிவிட்டுப் பிறகு எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பின்

கார் டிக்கியில் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் காய் தளர்ந்துவிடும். ஏசி ஓடும் பக்கம் வையுங்கள். கழுவாமல், மண்ணை மட்டும் துடைத்து, காகிதம் சுற்றித் திறந்த பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். இதற்கு உகந்த குளிர் 5 முதல் 10 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜ் அதற்குக் கீழே இருந்தால் சில நாளில் தோலில் குழி குழியாக விழும். ஆப்பிள், வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் பழுப்பேறும். நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

நறுக்கியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். கசப்புச் சுரைக்காயில் இருக்கும் அதே குக்கர்பிட்டாசின் நஞ்சுதான் இது, வேகவைத்தாலும் போகாது. விலைக்கு வாங்கிய விதையில் வளரும் பண்ணைக் காயில் இது அபூர்வம். வீட்டில் எடுத்து வைத்த விதையில்தான் பயம், அலங்காரப் பூசணியோடு கலந்திருக்கக்கூடும். 2015-இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தே போனார்.

சமையலில் நினைவு வைக்க வேண்டியது, காயில் 95 சதவீதம் தண்ணீர். பொரியல் என்றால் அகலமான வாணலி, நல்ல தீ, மூடி வேண்டாம், தண்ணீர் தெளிக்க வேண்டாம், உப்பு இறக்கும்போது. முதலிலேயே உப்புப் போட்டால் குழைந்து கூட்டாகிவிடும். கூட்டு என்றால் பருப்பைத் தனியாக வேகவைத்து, காயைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள். ஆசைப்பட்டுப் பெரிய காய் வாங்கி வந்திருந்தால் தோலைச் சீவி, நடுப் பஞ்சைக் கரண்டியால் வழித்தெடுத்து, மீதியைத் துருவி அடை மாவில் கலந்துவிடலாம்.

மிஞ்சினால் ஃபிரீசர். அரை அங்குல வில்லைகளாக நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, நன்றாக வடித்துப் பையில் போடுங்கள். கொதிநீரில் போடாமல் அப்படியே உறையவைத்தால் நாளடைவில் நிறமும் ருசியும் போய்விடும். கண்ணாடி ஜாடியில் வெறும் காயாக அடைத்துப் பிரஷர் கேனரில் (ஜாடிகளை அழுத்தத்தில் சூடாக்கும் பாத்திரத்தில்) வைக்கும் பழைய முறையை அமெரிக்க வேளாண் துறை இப்போது பரிந்துரைப்பதில்லை, வினிகர் ஊறுகாயாகப் போட்டால் சரி. உறையவைத்த வில்லை பொரியலுக்கு ஆகாது. உருகவிடாமல் அப்படியே கொதிக்கிற சாம்பாரிலோ பருப்பிலோ போடுங்கள்.