ஜாடிக் குளம்: அக்கறையால் வரும் தவறுகள்

வாய் அகன்ற மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, குளத்து நீர், அடியில் விரற்கடை உயரத்துக்குச் சேறு, இரண்டு கொத்து வேலம்பாசி, ஒன்றிரண்டு நத்தை. குட்டிக் குளம் ஒன்று உருவாக இவ்வளவு போதும். அது கெடுவதோ, பெரும்பாலும் நாம் சும்மா இருக்க மாட்டாமல் செய்யும் நல்ல காரியங்களால்தான்.

கொசுப்புழுவைத் தின்னட்டுமே என்று கப்பி மீன் ஒன்றை விடுவார்கள். நாம் பார்க்க ஆசைப்பட்ட நீர்த்தெள்ளு, சைக்ளாப்ஸ் என்ற புள்ளியளவு நீருயிர்கள் எல்லாவற்றையும் சேர்த்தே அது காலி செய்துவிடும். கொசுவுக்கு, ஜாடியின் வாயில் வலைத்துணியை இறுக்கிக் கட்டினால் போதும். நம் ஊர் வெயிலில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

அடுத்து தண்ணீர். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் போகாது. உடம்புக்கு நல்லதாயிற்றே என்று செம்புக் குடத்துத் தண்ணீரை ஊற்றவே கூடாது. அதில் கரைந்திருக்கும் கொஞ்சம் செம்பே நீர்த்தெள்ளுக்கும் நத்தைக்கும் நஞ்சு. வற்றிய அளவுக்கு மழைநீர் விட்டால் நல்லது, ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் ஜாடியிலேயே தங்கிவிடும்.

பலர் ஜாடியைத் தூக்கிக் கொட்டுவது முதல் வாரத்தில்தான். நீர் பால் கலந்ததுபோல் மங்கும். செத்த இலைகளைத் தின்று பாக்டீரியா பெருகுவதால் வரும் மங்கல் அது. அப்புறம் பாக்டீரியாவைத் தின்னப் பரமீசியம் போன்ற ஒற்றைச்செல் உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன இன்னும் பெரியவை வரும், நீர் தானாகத் தெளியும். நடுவில் தண்ணீரை மாற்றினால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மட்டும் கதை வேறு: அடியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. அழுகிய இலைகளை எடுத்துவிட்டு, சேற்றையும் கொஞ்சம் குறையுங்கள்.

நேர் வெயிலும் வேண்டாம். சித்திரையில் ஜன்னலோர ஜாடி வெந்நீராகிவிடும்.

பார்ப்பதிலும் ஒரு தவறு உண்டு: பகலில் மட்டும் பார்ப்பது. இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை, எல்லா உயிரும் ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் விடியலில்தான் அது மிகக் குறைவு. அந்நேரம் நத்தைகள் எல்லாம் நீர்மட்டத்தில் குவிந்திருந்தால், ஜாடியில் கூட்டம் அதிகம் என்று சந்தேகிக்கலாம். இரவில் விளக்கை அணைத்து, ஜாடியின் ஒரு பக்கம் டார்ச்சைப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் நீர்த்தெள்ளுகள் ஒளியை நோக்கித் துள்ளி வரும். கைலென்ஸில் சைக்ளாப்ஸ் பெண்ணைத் தேடினால், வாலின் இரு பக்கமும் பை பையாக முட்டைகள் தொங்குவது தெரியும். எனக்கு மைக்ரோஸ்கோப்பைவிட இதுதான் பிடிக்கும். சைக்ளாப்ஸ் நீந்துவதையும் சேர்த்துப் பார்க்கலாமே.

ஜாடி வளர்த்தது போதும் என்று தோன்றினால், கடையில் வாங்கிய செடியையோ நத்தையையோ குளத்தில் விடாதீர்கள். நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். நீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாசியை வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.